படத்துக்குப் பக்கத்தில் நிற்பவர்

ஓவியக்கூடத்தில் ஒருவர் பேச வந்தால் நான் முதலில் அவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். படத்துக்கு நேர் முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிறவர் உண்டு. அவர் எவ்வளவு படித்தவராக இருந்தாலும் அன்று நாம் பார்க்கப்போவது அவரைத்தான். நமக்கு முதுகைக் காட்டிப் படத்தோடு பேசுகிறவரும் உண்டு. அவருக்கும் படத்துக்கும் நடக்கிற பேச்சை நாம் ஒட்டுக்கேட்க வேண்டியதுதான். மூன்றாமவர் ஓரமாக, சட்டத்திலிருந்து ஒரு கை தள்ளி, படத்துக்கும் நமக்கும் இடையில் ஒருக்களித்து நிற்பார். குரல் அவருடையது, ஆனால் நம் கண் படத்தைவிட்டு நகராது. உரை முடிந்து படியிறங்கும்போது அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அப்படி ஒருவர் வாய்த்துவிட்டால் அன்றைக்கு நல்ல வேட்டை.

கச்சேரிக்கு விமரிசகர் உண்டு, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் உண்டு. அருங்காட்சியகத்தில் காசு வாங்காமல் நடத்துகிற கலை உரைக்கு மட்டும் யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. அது ஒரு தகவல் சேவை, கழிப்பறை எந்தப் பக்கம் என்று சொல்வதைவிடக் கொஞ்சம் நீளமானது, அவ்வளவுதான் என்று நினைத்துவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அதற்கென்று இலக்கணம் இருக்கிறது, நயம் இருக்கிறது, கேட்டுக் கேட்டுத்தான் அந்த நயம் பிடிபடும். பேசுகிறவர் ஒரு பொருளை நம் கண்ணில் ஏற்றிவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். பேச்சுக்கலைகளிலேயே இவ்வளவு தன்னடக்கம் கேட்கிற கலை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நான் இருப்பது மலேசியாவில், பட்டர்வொர்த் பக்கம் மாக் மண்டினில். தொழிற்பேட்டை, தாமான் வீடுகள், தமிழ்ப்பள்ளி, நாள் முழுக்க லோரிகள். படம் பார்க்க வேண்டுமென்றால் பட்டர்வொர்த் ஜெட்டிக்குப் போய் பெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குத்தான் போக வேண்டும். ஃபார்குவார் வீதியில் இருக்கும் பினாங்கு மாநில அருங்காட்சியகக் கட்டடத்தை முதலில் சொல்கிறேன். 1816இல் தொடங்கிய பினாங்கு ஃப்ரீ ஸ்கூலுக்காக 1896இலும் 1906இலும் இரண்டு கட்டமாகக் கட்டியது அது. பள்ளி 1928இல் கிரீன் லேனுக்குப் போய்விட்டது. போரின்போது விழுந்த குண்டில் கட்டடத்தின் ஒரு பாதி அழிந்தது. எஞ்சிய பாதியில்தான் 1965இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். பிறகு புதுப்பிப்பதற்காகப் பல ஆண்டுகள் மூடிவைத்தபோது மெக்கலிஸ்டர் சாலைக் கிளைதான் எங்களுக்குத் துணை. அங்கேயும், மிண்டனில் அறிவியல் பல்கலைக்கழகத்தின் கலைக்கூடத்திலும், நகரத்தின் சிறிய கூடங்களிலும் நான் கேட்ட உரைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் நடந்தவை. பேசியவர்களில் ஆசிரியர்கள் இருந்தார்கள், காப்பாளர்கள் இருந்தார்கள், ஓய்வுபெற்ற பிறகு தொண்டாக வந்து பேசியவர்களும் இருந்தார்கள்.

மாநில அருங்காட்சியகத்தின் செல்வங்களில் தலையானவை கேப்டன் ராபர்ட் ஸ்மித்தின் தைல வண்ண ஓவியங்கள். ஸ்மித் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைப் பொறியாளர். இருநூறு வருஷங்களுக்கு முன்னால், பினாங்குக்கு வேல்ஸ் இளவரசர் தீவு என்று பெயர் இருந்த காலத்தில் இங்கே வேலை பார்த்தார். அவர் தீட்டிய பத்துக் காட்சிகளை வில்லியம் டேனியல் செதுக்கு அச்சாக்கி 1821இல் லண்டனில் வெளியிட்டார். இதே ஸ்மித்தான் பிற்பாடு டில்லியில் குதுப் மினாரைப் பழுதுபார்த்து, அதன் தலையில் தன் கற்பனைக்கு ஒரு சிறிய மண்டபத்தையும் ஏற்றிவைத்தவர். பார்த்தவர்கள் முகம் சுளித்தார்கள். 1848இல் அதை இறக்கிக் கீழே புல்வெளியில் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது.

இந்தக் குதுப் மினார் கதை பேச்சாளருக்கு ஒரு சோதனை. சுவையான கதை, சொன்னால் கூட்டம் சிரிக்கும். தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் படத்தைப் பார்க்க மாட்டார்கள், டில்லியிலேயே நின்றுவிடுவார்கள். ஸ்மித்தின் பெருமரக் காட்சியை எங்களுக்குக் காட்டிய ஒருவர் இதை நன்றாக உணர்ந்திருந்தார். பெயர், ஆண்டு, பதவி எதையும் எடுத்தவுடனே சொல்லவில்லை. வானளாவ நிற்கும் அந்த மரத்தைக் கொஞ்ச நேரம் சும்மா பார்க்கச் சொன்னார். பிறகு, மரத்தடியில் தெரிகிற சின்னஞ்சிறு மனிதர்களைக் கையை நீட்டி விரலால் மறைத்துக்கொண்டு பார்க்கச் சொன்னார். மறைத்தோம். மரம் சட்டென்று சாதாரண மரமாகிவிட்டது. விரலை எடுத்தோம், மறுபடியும் ஓங்கியது. "இப்போது சொல்லுங்கள், இந்த ஆள்களை வரைந்தது ஓவியரா, பொறியாளரா?" என்று கேட்டார். அவ்வளவுதான், எங்களுக்குள் பேச்சு கிளம்பிவிட்டது. அளவுகோல் இல்லாமல் எதையும் வரையத் தெரியாத மனிதர் ஒருவர் ஒரு காட்டைப் பார்த்து வியந்த கதை அந்தப் படத்திலேயே இருந்தது. குதுப் மினாரை அவர் கடைசியில்தான் சொன்னார். அளவு பார்த்தே வரைந்த கை அங்கே போய் அளவில் தவறிவிட்டது என்று அப்போது புரிந்ததால் அந்தக் கதைக்கும் ஒரு கனம் வந்தது.

எதை எப்போது சொல்வது என்கிற இந்தக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். தெரிந்ததையெல்லாம் சொல்கிறவர் அறிஞராக இருக்கலாம். தெரிந்ததில் பாதியைத் தன்னோடு வைத்துக்கொண்டு, கேட்கிறவர் கண் எங்கே தடுமாறுகிறதோ அந்த இடத்தில் ஒரு சொல்லை எடுத்துக் கொடுக்கிறவர்தான் கலைஞர்.

இலவசம் என்பது இந்தக் கலையின் வடிவத்தையே மாற்றுகிறது, அதையும் சொல்ல வேண்டும். டிக்கெட் எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தவர் பிடிக்காவிட்டாலும் முடியும்வரை இருப்பார். ஓவியக்கூடத்தில் எல்லாரும் நின்றுகொண்டிருக்கிறார்கள், யாருக்கும் காசு போகவில்லை. பேச்சு இழுத்தால் ஒவ்வொருவராக அடுத்த அறைக்கு நழுவுவார்கள். மழைக்கு ஒதுங்கியவர், பிள்ளைக்குப் பள்ளிக்கூட ஒப்படைப்பு செய்ய வந்த அம்மா, குளிர்சாதனத்துக்காக நுழைந்த டாக்சிக்காரர், ஓவியம் படிக்கும் மாணவி என்று பலதரப்பட்ட கூட்டம். இவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் தெரியாது என்று வைத்துக்கொண்டு பேசினால் மாணவி போய்விடுவாள், எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசினால் டாக்சிக்காரர் போய்விடுவார். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திவைப்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே வழிதான் இருக்கிறது: எல்லாருடைய கண்ணுக்கும் ஒன்றுபோல் தெரிகிற ஒன்றிலிருந்து ஆரம்பிப்பது.

இப்படிப் பலதரப்பட்ட கூட்டம் புதிதில்லை. 1851இல் தொடங்கிய சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் காணும் பொங்கலன்று வெள்ளமாகக் கூட்டம் வந்ததைப் பழைய ஆவணங்கள் சொல்கின்றன. ஊர் ஜனங்கள் அதைச் செத்த காலேஜ் என்றார்கள், விலங்குக் காட்சிசாலையை உயிர் காலேஜ் என்றார்கள். காலேஜ் வாசலை மிதித்தே இராத மக்கள் வைத்த பெயர். கற்க ஒன்று இருக்கிறது என்று தெரிந்துதான் வந்திருக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் நடந்து போனபோது ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நல்ல குரல் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்து நான் ஏங்கியிருக்கிறேன்.

படத்துக்கு முன் நின்று விளக்குவதை மேல்நாட்டுப் பழக்கம் என்று சொல்கிறவர்கள் பரிபாடலைப் புரட்டிப் பார்க்கட்டும். நப்பண்ணனார் பாடிய 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்துக்குப் போகிறவர்களைக் காட்டுகிறது. மதுரையிலிருந்து கூட்டம் கூட்டமாக மலையேறுகிறார்கள். கோயில் பக்கத்து மண்டபத்தில் ஓவியங்கள் இருக்கின்றன. இவள் யார், இவன் யார் என்று சிலர் கேட்கிறார்கள், அவள் இரதி, அவன் காமன் என்று சிலர் பதில் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் பூனையாக உருமாறிய இந்திரனையும் அகலிகையையும் சினந்து நிற்கும் கௌதமனையும் கல்லாகிப்போன அந்த உருவத்தையும் ஒருவர் வரிசையாக விளக்கிக்கொண்டிருக்கிறார். பாடலில் அந்த விளக்குகிறவருக்குப் பெயர் கிடையாது, அவர் அதிகாரியும் இல்லை, பூசாரியும் இல்லை. வழியில் போகிறவர்களில் கொஞ்சம் விவரம் தெரிந்தவர், தெரியாதவருக்குச் சொல்கிறார். எனக்கு அந்தப் பாடலில் மிகவும் பிடித்தது, கேள்வி முதலில் வந்து பதில் பின்னால் வருவது. யாரோ பார்த்தார்கள், வியந்தார்கள், கேட்டார்கள், அதற்குப் பிறகுதான் சொல் வந்தது. இன்றைய உரைகளில் பலவற்றில் பதில் முதலில் வந்துவிடுகிறது, கேள்விக்கு இடமே கிடைப்பதில்லை.

கேட்டுச் சொல்கிற இந்த முறையை நம் தாத்தா பாட்டிமார் காலத்தில் கையாண்டவர் கிருபானந்த வாரியார். மலேசியாவுக்கும் வந்து பேசியிருக்கிறார். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளிடம் கேள்வி கேட்பார், சரியாகச் சொன்னவர்களுக்குப் பரிசு கொடுப்பார். குழந்தை யோசிக்கிற அந்த நேரத்தில் பெரியவர்களும் யோசித்துக்கொண்டிருப்பார்கள், அதுதான் அவருடைய நுட்பம். ஆனால் வாரியாரின் பாதையில் வந்த மேடைப் பேச்சு, பிறகு பட்டிமன்றமாக வளர்ந்த பேச்சு, நம்மை ஒரு விதத்தில் கெடுத்தும் இருக்கிறது. தமிழனுக்குப் பேச்சு என்றால் பேச்சுதான் விருந்து. அடுக்குமொழி, மேற்கோள், கைத்தட்டல். ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசச் சொன்னால் பத்தாவது வாக்கியத்தில் பொருளை மறந்துவிடுவோம். நடராசர் சிலைக்கு முன்னால் நின்றுகொண்டு அணு விஞ்ஞானம், ஐந்தொழில், தமிழனின் தொன்மை என்று முழங்கிவிட்டு, சிலையின் இடது முழங்கால் எவ்வளவு உயரம் எழுந்திருக்கிறது என்று ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காத உரைகளை நான் கேட்டிருக்கிறேன். அந்த முழக்கம் எனக்கு வருத்தம் தருகிறது. இவ்வளவு பேசத் தெரிந்த இனம் இவ்வளவு பார்க்கவும் செய்தால் என்ன குறைந்துவிடும்?

பார்க்க வைப்பதையே ஒரு வேலையாக்கியவர்களும் உண்டு. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் 1907இல் காட்சிக்கூடத்திலேயே பார்வையாளரோடு நின்று பொருளை விளக்கவென்று ஆள்களை ஏற்படுத்தியது. அதன் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மனின் யோசனை அது. கில்மன் வேறொன்றும் செய்தார். காட்சிப் பெட்டிகளைப் பார்க்க ஒரு மனிதன் எப்படியெல்லாம் குனிந்து, முதுகை வளைத்து, கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கிறது என்பதைப் புகைப்படங்களாக எடுத்து, அருங்காட்சியகச் சோர்வு பற்றி 1916இல் ஒரு கட்டுரை எழுதினார். பார்வையாளனுக்கும் உடம்பு இருக்கிறது என்று நினைத்த மனிதர். நல்ல பேச்சாளர்களும் இதை மறப்பதில்லை. வயதானவரை முன்னால் வரச் சொல்வார்கள், குழந்தையின் கண்மட்டத்துக்குத் தாங்களே குனிந்து பார்ப்பார்கள்.

கில்மனின் அந்த அருங்காட்சியகத்துக்குத்தான் 1917இல் இந்தியக் கலைப்பிரிவின் காப்பாளராகப் போனார் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர், யாழ்ப்பாணத் தமிழரான முத்து குமாரசுவாமியின் மகன். 1947இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் பாஸ்டனிலேயே இருந்தார். கலைப்பொருள்களை எதற்காகக் காட்சிக்கு வைக்கிறோம் என்ற கேள்வியை 1941இல் அருங்காட்சியகக்காரர்களிடமே கேட்டவர் அவர். அவருடைய கட்சி இதுதான்: கூடத்தில் இருக்கும் பொருள் எதுவும் கூடத்துக்காகச் செய்யப்படவில்லை. விளக்கு ஏற்றுவதற்கும் சிலை வழிபடுவதற்கும் கிண்ணம் குடிப்பதற்கும் செய்தவை. அந்தப் பயனையும் அதன் பின்னால் இருந்த கருத்தையும் விட்டுவிட்டு, ஆகா என்ன வளைவு என்று சிலிர்த்துக்கொள்வது பார்வையே ஆகாது.

கலைப்பொருள் தானே பேசும், விளக்கம் வேண்டாம் என்கிற கட்சியும் பலமானது. ஓவியர்களில் பலர் அந்தப் பக்கம். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. ஆனால் தொழிற்சாலையில் வேலை முடித்துக் கடல் தாண்டிப் போகிறவன் என்ற முறையில் நான் குமாரசுவாமியின் பக்கம்தான் சாய்வேன். படம் தானே பேசும் என்பது, அதன் பாஷை வீட்டிலேயே பழகியவர்களுக்குத்தான் பொருந்தும். மற்றவர்களுக்கு யாராவது ஒருவர் கையைப் பிடித்து முதல் படியில் ஏற்றிவிட வேண்டும். குமாரசுவாமியின் எழுத்தில் இருக்கிற கண்டிப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் அதிகம். சிலிர்ப்பில் ஆரம்பித்துப் பயனுக்குப் போவதும் ஒரு வழிதானே.

ஒரு பொருள் போதும் என்பதற்குப் போர்க்கால லண்டன் சாட்சி. குண்டுவீச்சுக்குப் பயந்து தேசிய ஓவியக்கூடத்தின் படங்களையெல்லாம் வேல்ஸில் மனோட் என்ற இடத்துக் கற்சுரங்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். கூடத்தில் வெறும் சுவர். 1942இல், ஒரே ஒரு படத்தையாவது பார்க்க வேண்டும் என்று வாசகர் கடிதம் வந்ததையொட்டி, மாதம் ஒரு படம் சுரங்கத்திலிருந்து வந்தது. அந்த ஒன்றைப் பார்க்க மக்கள் வரிசையில் நின்றார்கள். ஜார்ஜ் டவுன் ஆர்மீனியன் வீதியில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற சுவரோவியத்துக்கு முன்னாலும் வரிசை நிற்கிறது. 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்தது. வருகிறவர்கள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துவிட்டு அடுத்த சுவருக்குப் போகிறார்கள். சைக்கிள் நிஜம், குழந்தைகள் சுவர். நிஜம் முடிந்து சாயம் தொடங்குகிற இடத்தில் ஓவியர் என்ன செய்திருக்கிறார் என்று யாராவது ஒருவர் அங்கே நின்று இரண்டு நிமிஷம் சொன்னால் அந்த வரிசையே வேறு மாதிரி ஆகிவிடும்.

தமிழ்நாட்டுக்குக் கோயில் பார்க்கப் போகிற மலேசியத் தமிழர்களிடம் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தைத் தவறவிடாதீர்கள் என்று எப்போதும் சொல்லுவேன். அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகன தேவர் இருக்கிறார். முதலாம் இராசராசன் காலத்தில், 1011இல் செய்தது. பக்கத்தில் நிற்கும் தேவி அடுத்த ஆண்டு. தலையில் பாம்புகளைச் சுற்றிக் கட்டிய தலைப்பாகை. ஒரு காலை மற்றதன் குறுக்கே போட்டு ஒய்யாரமாக நிற்கிறார். வலக்கை பக்கவாட்டில், எதன்மீதோ சாய்ந்த மாதிரி மடிந்திருக்கிறது. சாய்ந்திருப்பது காளையின்மேல். காளை இல்லை, எப்போதோ போய்விட்டது.

இந்தச் சிலைக்கு முன்னால் உரை நிகழ்த்துவதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. "இவர் எதன்மேல் சாய்ந்திருக்கிறார்?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தால் போதும். கூட்டம் அந்த முழங்கையைப் பார்க்கும், அதற்குக் கீழே இருக்கும் வெறும் காற்றைப் பார்க்கும். காளையின் திமில் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்று அந்த வெறுமையை வைத்தே கணக்குப் போடும். உடம்பின் பாரம் எந்தக் காலில் இறங்குகிறது, எந்தக் கால் சும்மா இருக்கிறது, மணிக்கட்டு ஏன் இவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய வரும். இல்லாத காளையைச் சிற்பி கையில் எழுதிவைத்திருக்கிறான். கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வதுதான் கடினம். அரை நிமிஷ மௌனத்தைத் தாங்க முடியாமல் பதிலைத் தானே சொல்லிவிடுகிற பேச்சாளர்களே அதிகம்.

இங்கேயும் இதற்கு ஒரு மரபு உண்டு. மலேசிய, சிங்கப்பூர் ஓவியங்களைப் பற்றி எழுதியவர்களில் முன்னோடி டி.கே. சபாபதி. 1970களில் பினாங்கில், அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். ரெட்சா பியதாசாவோடு சேர்ந்து மலேசியாவின் நவீன ஓவியர்களைப் பற்றி 1983இல் அவர் கொண்டுவந்த புத்தகத்தை இன்றும் புரட்டுகிறார்கள். அவருடைய ஆசிரியர் மைக்கேல் சல்லிவன், 1950களில் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கலைக்கூடத்தையே உருவாக்கியவர். மாணவர்கள் படங்களின் நகலைப் பார்த்துப் படிக்கக் கூடாது, பொருளின் முன்னால் நின்று படிக்க வேண்டும் என்பது அந்தக் கூடத்தின் நோக்கம். நம் பக்கத்து மண்ணில், நம் ஆளும் பங்குகொண்ட மரபு இது. பினாங்குத் தமிழர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நான் கேட்ட உரைகளில் மறக்க முடியாதது சுவா தியன் தெங்கின் பாத்தேக் ஓவியம் ஒன்றின் முன்னால் நடந்தது. தெங் சீனாவிலிருந்து பினாங்குக்கு வந்தவர், 1950களில் துணிக்குச் சாயமேற்றும் பாத்தேக் முறையைச் சுவரில் மாட்டும் ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர், 2008இல் மறைந்தார். தாயும் பிள்ளையும், மீனவர், சந்தைப் பெண்கள் என்று இந்த ஊர் மனிதர்களையே வரைந்தார். அவருடைய படம் ஒன்றை யுனிசெஃப் வாழ்த்து அட்டையாக வெளியிட்டது.

அன்று பேசியவர் படத்தில் தெரிகிற வெள்ளைக் கோட்டைக் காட்டி, இது எந்தச் சாயத்தால் வரைந்த கோடு என்று கேட்டார். ஆளுக்கு ஒன்று சொன்னோம். எந்தச் சாயமும் இல்லை, அது வெறும் துணி என்றார். உருக்கிய மெழுகை, சின்ன செப்புமூக்கு வைத்த சாந்திங் என்ற கருவியாலோ தூரிகையாலோ துணியில் இடுகிறார்கள். மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் பிடிக்காது. முதலில் வெளிர்நிறம், அது காய்ந்ததும் காப்பாற்ற வேண்டிய இடத்தில் மறுபடி மெழுகு, அப்புறம் அதைவிட அடர்ந்த நிறம். இப்படி வெளிச்சத்திலிருந்து இருட்டை நோக்கித்தான் போக முடியும், திரும்பி வர முடியாது. கடைசியில் கொதிநீரில் போட்டு மெழுகையெல்லாம் எடுத்த பிறகுதான் முழுப் படமும் ஓவியருக்கே தெரியும். தைல வண்ணத்தில் பிழைக்குமேல் பூசி மறைக்கலாம், இதில் பிழையும் படத்தோடு நிற்கும். படத்தின் இருண்ட பகுதியில் நரம்புபோல ஓடிய மெல்லிய கோடுகளை அருகில் வந்து பார்க்கச் சொன்னார். மெழுகு காய்ந்து விரிசல் விட்ட இடங்களில் சாயம் புகுந்தது.

அப்போது கூட்டத்தில் நின்ற ஓர் அக்கா, துணி ஆலையில் சாயப்பிரிவில் வேலை பார்த்தவர், மலாயில் குறுக்கிட்டார். இந்தப் பழுப்பு தனிச்சாயம் இல்லை, மஞ்சளின்மேல் வேறொன்று ஏறியது, ஓரத்தில் பாருங்கள், மஞ்சள் எட்டிப்பார்க்கிறது என்றார். பேசியவர் குனிந்து பார்த்தார். "அக்கா, நீங்கள் இங்கே வந்து நின்று சொல்லுங்கள்" என்று தன் இடத்தைக் கொடுத்துவிட்டுக் கூட்டத்தோடு வந்து நின்றுகொண்டார். எந்தச் சாயம் எந்தச் சாயத்தின்மேல் ஏறும், எது ஏறாது, தண்ணீர் சூடு கூடினால் என்ன ஆகும் என்று அக்கா சொல்லச் சொல்ல, அந்தப் படம் எந்த வரிசையில் தொட்டிக்குள் போய் வந்தது என்பதைக் கண்ணால் பின்தொடர முடிந்தது. ஓவியக்கூடத்தில் தனக்குச் சொல்ல ஒன்று இருக்கும் என்று அவர் எண்ணி வந்திருக்க மாட்டார். தொழிற்பேட்டையின் அறிவும் ஓவியக்கூடத்தின் அறிவும் ஒரே சுவருக்கு முன்னால் சந்தித்துக்கொண்ட அந்த நேரத்தை, டிக்கெட் விற்று நாற்காலி போட்டிருந்தால் நாங்கள் அடைந்திருக்க முடியாது.

தமிழில் இப்படிக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. மொழி அபிமானத்தால் மட்டும் சொல்லவில்லை. மலாயில் பேசத் தயங்கிப் பின்னால் நிற்கிற எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் சாயம், தச்சு, பொன்வேலை, மாலை கட்டுதல் என்று எவ்வளவோ கைத்தொழில் அறிவு இருக்கிறது. தமிழில் கேட்டால் அது வெளியே வரும்.

எங்கே தொடங்கலாம் என்றால் நான் வெள்ளி ரதத்தைச் சொல்வேன். நகரத்தார் 1894இல் காரைக்குடியில் செய்வித்துப் பினாங்குக்குக் கொண்டுவந்தது. தைப்பூசத்துக்கு முதல் நாள் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைக்குப் புறப்படும்போது அதைப் பார்க்காத பினாங்குத் தமிழன் கிடையாது. ஆனால் எப்படிப் பார்க்கிறோம்? வழி நெடுகத் தேங்காய் உடைகிறது, கூட்டம் தள்ளுகிறது, கண் முருகனைத் தேடுகிறது. பக்திக்கு அது போதும், அதற்குமேல் கேட்கவும் கூடாது. ரதம் ஓய்ந்து நிற்கிற ஒரு நாளில், இருபது பேரை மட்டும் பக்கத்தில் அழைத்து, அந்த வெள்ளித் தகட்டில் ஒரு சாண் அளவை மட்டும் அரை மணி நேரம் காட்டக்கூடிய ஒருவர் வேண்டும். வெள்ளித் தகட்டு வேலையில் தகட்டை அரக்கின்மேல் கவிழ்த்துவைத்துப் பின்பக்கமிருந்து தட்டி உருவத்தைப் புடைக்க வைப்பார்கள், பிறகு திருப்பிப்போட்டு முன்பக்கமிருந்து கண், நகை, மடிப்பு என்று நுணுக்கங்களைக் கோடிடுவார்கள். அவர் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, இதில் எந்த அடி பின்னாலிருந்து விழுந்தது, எந்த அடி முன்னாலிருந்து விழுந்தது என்று கேட்கட்டும். கூட்டத்தில் ஒரு பத்தராவது இருப்பார், அவர் முன்னால் வருவார்.